டார்ச் ஷென்ஜெனில், ரசீது சிங்கப்பூரில்: யாரிடம் கேட்பது?

கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் நான்கு ஏக்கரில் வாழையும் பாக்கும் வைத்திருக்கும் விவசாயி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது ஐம்பத்து மூன்று. பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதம் நீளமானது, அதன் சுருக்கம் இது.

அவருடைய தோட்டம் யானை வந்துபோகும் பகுதியில் இருக்கிறது. இரவில் மோட்டார் போடவும் மடை மாற்றவும் போகும்போது தூரத்தில் என்ன நிற்கிறது என்று தெரிய வேண்டும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அக்கா மகன், போன தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது நல்ல வெளிச்சம் தரும் டார்ச் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அங்குள்ள ஒரு கடையில் செப்டம்பரில் வாங்கியது. விலை 168 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), நம் பணத்தில் பதினோராயிரம் ரூபாயை ஒட்டி வரும். பெட்டியின் மேல் ஐந்து ஆண்டு வாரண்டி என்று போட்டிருக்கிறது.

ஜனவரி முதல் வாரத்தில் டார்ச் சிமிட்ட ஆரம்பித்தது. சில நாளில் பட்டனை அழுத்தினாலும் எரியவில்லை. நம் வாசகர் தன் மகளின் உதவியோடு, சீனாவில் ஷென்ஜெனில் இருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கு மெயில் அனுப்பினார். 'எங்களுக்கே அனுப்பிவிடுங்கள், சரிசெய்து தருகிறோம்' என்று உடனே பதில் வந்தது. கோவையில் ஒரு கூரியர் ஏஜென்சி மூலம் 2,300 ரூபாய் கட்டி அனுப்பினார். பேட்டரி போகாது என்று ஏஜென்சிக்காரர்கள் அதைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். காகிதத்தில் 'பழைய டார்ச், மதிப்பு 500 ரூபாய்' என்று எழுதினார்கள். ஜனவரிக் கடைசியில் டார்ச் அங்கே போய்ச் சேர்ந்ததற்கு டிராக்கிங் சான்று இருக்கிறது.

பிப்ரவரிக் கடைசியில் 'உதிரிபாகத்துக்குக் காத்திருக்கிறோம்' என்று ஒரு மெயில். மார்ச் நடுவில் 'பேட்டரியையும் அனுப்புங்கள், சோதித்துப் பார்க்க வேண்டும்' என்று இன்னொன்று. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. கோபத்தில், சைபர் கிரைமில் புகார் கொடுப்பேன் என்றும் எழுதிவிட்டார். அதற்கும் பதில் இல்லை. இப்போது ஏப்ரல் முடியப்போகிறது.

அவர் கேட்பவை: கோவை நுகர்வோர் நீதிமன்றத்தில் அந்தச் சீன நிறுவனத்தின் மேல் வழக்குப் போடலாமா? இது மோசடிதானே? பேட்டரியை அனுப்ப வேண்டுமா? இலவசமாகப் பழுதுபார்த்த பொருளுக்குச் சுங்க வரி கிடையாது என்று நண்பர் சொல்கிறாரே, சரியா? டார்ச் அங்கே கிடக்கும் நாட்களும் வாரண்டியில் கழிந்துபோகுமா? இவ்வளவும் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'அக்கா மகனிடம் இதுவரை சொல்லவில்லை. ஆசையாக வாங்கிக் கொடுத்த பொருளுக்கு பில்லைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.'

ஐயா,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கடைசி வரிதான். கோவை நீதிமன்றம், சீனக் கம்பெனி, சைபர் கிரைம் என்று எல்லாவற்றையும் யோசித்துவிட்டீர்கள். ஆனால் இந்த விஷயத்தில் உங்கள் பக்கம் இருக்கும் மிக வலுவான ஆதாரம் அந்த பில். கேட்கத் தயங்கும் ஒரே ஆளிடம்தான் அது இருக்கிறது. அதனால் இன்று ராத்திரியே அவரைப் போனில் கூப்பிடுங்கள். மாமா இருட்டில் தோட்டத்துக்குப் போகிறாரே என்ற அக்கறையில்தான் அவர் அந்த டார்ச்சை வாங்கியிருக்கிறார். அது மூன்று மாதமாக இல்லை, நீங்கள் செல்போன் வெளிச்சத்தில் போய்வருகிறீர்கள் என்று பிறகு தெரிந்தால்தான் அவருக்கு வருத்தமாக இருக்கும். ஏன் அவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது இனி வருவதைப் படித்தால் புரியும்.

பணம் வாங்கியவரிடம் கேளுங்கள்

நம்மில் பலரும் வாரண்டி என்றாலே தயாரித்தவரைத்தான் நினைக்கிறோம். பெட்டியில் அவர் பெயர் இருக்கிறது, அட்டையில் அவர் மெயில் முகவரி இருக்கிறது, அதனால் நேரே அங்கே போகிறோம். ஆனால் வாரண்டி அட்டை என்பது தயாரிப்பாளர் தானாக முன்வந்து தரும் வாக்குறுதி. அதற்கு மேல், விற்றவருக்குச் சட்டமே சுமத்தும் பொறுப்பு தனியாக ஒன்று இருக்கிறது. உங்கள் டார்ச்சை விற்றது சிங்கப்பூர்க் கடை. அந்த ஊர்ச் சட்டம் இந்த இடத்தில் வாங்கியவருக்கு நல்ல துணை.

சிங்கப்பூரின் நுகர்வோர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டத்தில், 2012 செப்டம்பர் 1 முதல் ஒரு பகுதி நடைமுறையில் இருக்கிறது. அங்கே பேச்சுவழக்கில் அதை லெமன் சட்டம் என்பார்கள். பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், அந்தக் குறை விற்கும்போதே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரரின் வேலை. செப்டம்பரில் வாங்கிய டார்ச் ஜனவரியில் கெட்டது, அதாவது நாலு மாதத்தில். நீங்கள் ஜனவரியில் அனுப்பிய முதல் மெயில் அதற்குச் சாட்சி. அந்த மெயிலை அழித்துவிடாதீர்கள். இப்போது ஆறு மாதம் தாண்டிவிட்டதே என்று கவலைப்படவும் வேண்டாம். குறை எப்போது தெரியவந்தது என்பதுதான் கணக்கு.

அப்படிக் குறை இருந்தால், பழுதுபார்த்துத் தரும்படியோ மாற்றித் தரும்படியோ வாங்கியவர் கடையைக் கேட்கலாம். அதைக் கடைக்காரர் தன் செலவில், நியாயமான காலத்துக்குள், வாங்கியவருக்குப் பெரிய தொந்தரவு இல்லாமல் செய்துதர வேண்டும். முடியாமல் போனால் விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கலாம், அல்லது பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கலாம். நியாயமான காலம் எத்தனை நாள் என்று சட்டம் எண் போட்டுச் சொல்லவில்லை. சீனப் புத்தாண்டையொட்டி அங்கே தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும், ஊருக்குப் போன தொழிலாளர்கள் திரும்பி வேலை சூடுபிடிக்க இன்னும் நாளாகும். எனவே பிப்ரவரித் தாமதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் கையடக்க டார்ச் ஒன்றுக்கு மார்ச் நடுவில் இருந்து ஏப்ரல் கடைசி வரை பதிலே இல்லாமல் போவது, என் பார்வையில், நியாயமான காலத்தைத் தாண்டிவிட்டது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் கடையை விட்டுவிட்டு நேரே தயாரிப்பாளருக்கு அனுப்பிவிட்டீர்கள். 'பொருளே எங்களிடம் வரவில்லையே, நாங்கள் எப்படிச் சரிசெய்வது' என்று கடைக்காரர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான், ஆனால் பதில் இல்லாத கேள்வி இல்லை. அவருக்குச் சரக்கு கொடுக்கும் தயாரிப்பாளர் சொல்லித்தான் நீங்கள் அனுப்பினீர்கள். அந்த மெயிலும் டிராக்கிங் சான்றும் உங்களிடம் இருக்கின்றன. இனி உங்கள் அக்கா மகன் பில்லோடு கடைக்குப் போய், 'இது சர்வீஸுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது, நீங்கள் பேசி வாங்கிக் கொடுங்கள் அல்லது மாற்றிக் கொடுங்கள்' என்று கேட்கட்டும். ஒரு வாடிக்கையாளரின் மெயில் வரிசையில் கிடக்கும். மொத்தமாகச் சரக்கு எடுக்கும் கடைக்காரர் போன் செய்தால் அதே டார்ச் வரிசையின் முன்னால் வந்துவிடும். பாதி இடங்களில் காரியம் முடிவது இப்படித்தான்.

கடைக்காரர் கைவிரித்தால், அங்கே கேஸ் என்று அழைக்கப்படும் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுக்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது கேட்கும். வக்கீல் வைத்துக்கொள்ள அனுமதியே கிடையாது, உங்கள் அக்கா மகனே பேச வேண்டும். மனுவை ஆன்லைனிலேயே போடலாம். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட நுகர்வோர் கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளி. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், அதனால் அவசரம் இல்லை. ஆனால் 168 வெள்ளிப் பொருளுக்காக அவர் லீவு போட்டு அலைய வேண்டுமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். மன்றம் என்ற ஒரு வழி இருப்பது கடைக்காரருக்கும் தெரியும். பெரும்பாலும் அதுவே போதும்.

கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்கும் முறை ஒன்று உண்டு. அதற்குப் பொதுவாக 120 நாள் கெடு. செப்டம்பரில் வாங்கியதற்கு அது கடந்திருக்கும். எதற்கும் வங்கியில் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள், நம்பி இருக்க வேண்டாம்.

கோவையில் வழக்குப் போட்டால் என்ன ஆகும்

சட்டப்படி முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நுகர்வோர் என்றால் காசு கொடுத்து வாங்கியவர் மட்டும் இல்லை, அவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். எனவே பரிசாக வந்த பொருள் என்பது தடை இல்லை. விவசாயத்துக்குப் பயன்படுத்தினால் வணிக நோக்கம் ஆகிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்தப் பயன்படுத்தும் பொருளை அந்தச் சட்டம் வணிக நோக்கத்தில் சேர்ப்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, கால வரம்பு இரண்டு ஆண்டு. இவையெல்லாம் உங்களுக்குச் சாதகமானவை.

சிரமம் அதற்குப் பிறகுதான். எதிர்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். சீனாவில் இருப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப 1965-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை வழி இருக்கிறது. இந்தியாவும் சீனாவும் அதில் உறுப்பு நாடுகள். ஆனால் இரு நாட்டு மைய அலுவலகங்கள் வழியாகப் போகும் அந்த நடைக்கே மாதக்கணக்கில் ஆகும், சீன மொழிபெயர்ப்பும் வைக்க வேண்டும். அவர்கள் வராமலேயே உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தாலும், அதை வைத்து வசூலிக்க இங்கே அவர்களுக்குக் கிளையோ சொத்தோ வேண்டும். கோவை நுகர்வோர் ஆணையத்தின், அதாவது நீங்கள் சொல்லும் நுகர்வோர் நீதிமன்றத்தின், உத்தரவை ஷென்ஜெனில் நீட்டிப் பணம் வாங்கிவிட முடியாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் ஊரில் சொல்வது இந்த வழக்குக்கு அப்படியே பொருந்தும்.

அந்த பிராண்டுக்கு இந்தியாவில் இறக்குமதியாளர் இருந்தால் அவர் மேல் போடலாமே என்று தோன்றும். அவர் இறக்குமதி செய்யாத, அவர் விற்காத பொருளுக்கு அவரைப் பொறுப்பாக்குவது கடினம். அவர்களுடைய வாரண்டியும் பெரும்பாலும் அவர்கள் கொண்டுவந்து விற்ற பொருளோடு நின்றுவிடும். ஆனாலும் ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். உதிரிபாகம் கையில் இருந்தால் காசு வாங்கிக்கொண்டு சரிசெய்து கொடுப்பவர்கள் உண்டு. அதே மாதிரி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் ஒன்றும் உண்டு. இங்கே அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனங்களோடு பேசித் தீர்ப்பதற்கு அது மிகவும் பயன்படும். இங்கே இல்லாத நிறுவனத்திடம் அதன் கை அவ்வளவாக எட்டாது. இணைய வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளும் உங்களுக்கு உதவாது, ஏனென்றால் இது ஆன்லைனில் வாங்கியது இல்லை, நேரே கடையில் வாங்கியது.

மோசடிப் புகார் பற்றி: அதை விட்டுவிடுங்கள் ஐயா. ஏமாற்றுக் குற்றம் என்றால் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். அவர்கள் பொருளை வாங்கிக்கொண்டதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், உதிரிபாகம் வரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். இது சேவையில் தாமதம், அலட்சியம். குற்ற வழக்கு ஆகாது. சைபர் கிரைமின் 1930 எண் ஆன்லைனில் பணம் பறிகொடுத்தவர்களுக்கானது. அது இருக்கட்டும், போலீஸ் என்ற சொல்லைப் பார்த்ததும், சர்வீஸ் பிரிவில் உட்கார்ந்திருக்கும் சாதாரண ஊழியர் பதில் எழுதவே பயந்து மேலே தள்ளிவிடுவார். உங்கள் மெயிலுக்குப் பிறகு வந்த மௌனத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பேட்டரியை அனுப்பாதீர்கள்

இது சட்டத்தைவிடப் பாதுகாப்பைப் பற்றியது. கூரியர் ஏஜென்சிக்காரர்கள் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தது சரியான காரியம். தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் முதல் உலக அளவில் தடை இருக்கிறது. சரக்கு விமானத்தில் போவதற்கும் அடையாள லேபிள், 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது என்ற வரம்பு, பரிசோதனைச் சான்று என்று பல நிபந்தனைகள். விளையாட்டுச் சாமான் என்று எழுதிப் போட்டு அனுப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஸ்கேனில் பிடிபட்டால் பேட்டரி போகும், உங்கள் பெயரில் விசாரணையும் வரும். பிடிபடாமல் போய் நடுவானில் சூடேறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சோதிப்பதற்குப் பேட்டரி வேண்டும் என்று அவர்கள் கேட்பதே எனக்கு விசித்திரமாகப் படுகிறது. அந்த டார்ச்சைத் தயாரிக்கும் இடத்தில் அதற்கான பேட்டரி இல்லாமல் இருக்காது. மெயில் எழுதும்போது, 'விமானச் சரக்கு விதிகளின்படி தனி பேட்டரி அனுப்ப முடியாது, உங்களிடம் உள்ளதை வைத்துச் சோதியுங்கள்' என்று மரியாதையாக எழுதிவிடுங்கள். பேட்டரியில்தான் பழுதோ என்று தெரிய வேண்டுமானால், மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் யாரிடமாவது காட்டி வோல்டேஜ் பார்த்து போட்டோ எடுத்து அனுப்பலாம். முழு சார்ஜில் 4.2 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். இரண்டு வோல்ட்டுக்கும் கீழே விழுந்து கிடந்தால் அதை மறுபடி சார்ஜ் போட முயற்சி செய்யாதீர்கள். மேலுறை கிழிந்திருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். நல்ல நிலையில் இருந்தால் பாதி சார்ஜில், ஆணி, சில்லறைக் காசு போன்ற எந்த உலோகமும் படாமல், பிளாஸ்டிக் டப்பாவில் தனியாக வையுங்கள்.

திரும்பி வரும்போது சுங்கம்

இலவசமாகச் சரிசெய்து அனுப்பினால் வரி கிடையாது என்று உங்கள் நண்பர் சொன்னது பலரும் நம்பும் தவறான கருத்து. பழுதுபார்க்க வெளிநாடு போன பொருள் திரும்பி வருவதற்குச் சலுகை உண்டு. 2017-ஆம் ஆண்டின் 45-ஆம் எண் சுங்க அறிவிக்கையில் அது இருக்கிறது. பொருளின் முழு மதிப்புக்கு வரி போட மாட்டார்கள். பழுதுபார்ப்பின் நியாயமான செலவு, போகவர சரக்குக் கூலி, இன்சூரன்ஸ் ஆகியவற்றைக் கூட்டி அந்தத் தொகைக்குத்தான் வரி. ஆனால் அந்தச் செலவு உண்மையில் வாங்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் கணக்கில் சேரும் என்று அறிவிக்கையே சொல்கிறது. எனவே அவர்கள் உங்களிடம் ஒரு பைசா வாங்காவிட்டாலும், அந்த வேலைக்கு ஒரு மதிப்புப் போட்டு வரி கேட்பார்கள்.

சலுகை கிடைக்க, போன பொருளும் வந்த பொருளும் ஒன்றே என்று காட்ட வேண்டும். உங்களுக்கு இங்கேதான் இடிக்கிறது. போகும்போது காகிதத்தில் 'பழைய டார்ச், 500 ரூபாய்' என்று எழுதியிருக்கிறார்கள். மாடல் பெயர் இல்லை, வரிசை எண் இல்லை, பழுதுபார்க்க அனுப்புகிறோம் என்ற குறிப்பும் இல்லை. ஏஜென்சிக்காரர்கள் உதவி செய்வதாக நினைத்து மதிப்பைக் குறைத்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. வழியில் தொலைந்தால் நஷ்டஈடும் அந்த 500-க்குள் அடங்கிவிடும், திரும்பி வரும்போது சுங்கத்திலும் கேள்வி வரும். இனி எதை அனுப்பினாலும் உண்மையான மதிப்பை எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று: அவர்கள் பழையதைச் சரிசெய்யாமல் புதிய டார்ச் ஒன்றை அனுப்பினால், அது வேறு பொருள். பழுதுபார்ப்புச் சலுகை அதற்குப் பொருந்தாது, புதிய இறக்குமதியாகவே வரி போடுவார்கள்.

இந்தத் தலைவலி முழுவதையும் தவிர்க்க எளிய வழி இருக்கிறது. டார்ச்சைக் கோவைக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். உங்கள் அக்கா மகனின் சிங்கப்பூர் முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்கே விமானத்திலோ தபாலிலோ வரும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு எல்லையில் ஜி.எஸ்.டி. பிடிப்பதில்லை. உங்களுடையது 168 வெள்ளி. சரிசெய்தது வந்தாலும் புதியது வந்தாலும் அவர் வாங்கி, எரிகிறதா என்று பார்த்து, அடுத்த முறை ஊருக்கு வரும்போது கொண்டுவரட்டும். கடைக்காரர் தலையிடுவதற்கும் இதுவே வசதி. தனி பேட்டரி எதுவானாலும் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது என்று மட்டும் சொல்லி வையுங்கள். இந்த வகை டார்ச்சுகளில் பொதுவாக வரும் பேட்டரி 3.6 வோல்ட், 5 ஆம்பியர்-மணி, அதாவது 18 வாட்-மணி. விமானத்தில் அனுமதி கேட்காமல் கொண்டுவரக்கூடிய 100 வாட்-மணி வரம்புக்கு மிகவும் கீழே.

வாரண்டி நாட்கள்

பழுதுபார்க்கும் இடத்தில் கிடக்கும் நாட்களை வாரண்டியோடு கூட்டித் தருவார்களா என்றால், அட்டையில் அப்படி எழுதியிருந்தால் தருவார்கள். இல்லையென்றால் பெரும்பாலான நிறுவனங்களில் வாங்கிய தேதியிலிருந்து கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு இன்னும் நாலு ஆண்டுக்கு மேல் இருப்பதால் இது இப்போதைய கவலை இல்லை. வாரண்டிக் காலத்துக்குள் எழுப்பிய புகார், அவர்கள் தாமதித்ததால் செத்துப்போகாது. அட்டையில் வேறு ஒன்றைப் பாருங்கள்: 'முதலில் வாங்கியவருக்கு மட்டும்' என்று ஒரு வரி இருக்கிறதா? பல நிறுவனங்கள் அதைப் போடுகின்றன. இருந்தால், இதுவரை உங்கள் பெயரில் போன மெயிலுக்குப் பதிலாக, பில்லில் பெயர் உள்ளவரோ பில்லை வைத்திருப்பவரோ எழுதுவதுதான் சரி. மறுபடியும் உங்கள் அக்கா மகனிடமே வந்து நிற்கிறோம், பாருங்கள்.

என்ன எழுதுவது

புதிதாக ஒரு மெயில் தொடங்காதீர்கள். பழைய மெயில் தொடரிலேயே, முதலில் அவர்கள் கொடுத்த புகார் எண்ணைத் தலைப்பில் போட்டு, உங்கள் அக்கா மகனை எழுதச் சொல்லுங்கள். உங்கள் முந்தைய கோபத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

'இந்த டார்ச்சை செப்டம்பரில் சிங்கப்பூரில் வாங்கியவன் நான். பில் இணைத்திருக்கிறேன். என் மாமா அனுப்பியது ஜனவரியில் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, டிராக்கிங் எண் இது, டார்ச்சின் வரிசை எண் இது. உதிரிபாகம் இல்லை என்று பிப்ரவரியில் எழுதினீர்கள். பாகம் எப்போது வரும் என்று தேதியோடு சொல்லுங்கள். மே 20-க்குள் முடியாது என்றால் இதே மாடலையோ இதற்குச் சமமான மாடலையோ இந்தச் சிங்கப்பூர் முகவரிக்கு அனுப்புங்கள். இரண்டும் இயலாது என்றால் அதை எழுத்தில் தெரிவியுங்கள், நான் வாங்கிய கடையில் பேசிக்கொள்கிறேன்.'

கடைசி வாக்கியம் மிரட்டல் இல்லை. 'எங்களால் முடியாது' என்று அவர்கள் எழுதினால், கடையில் காட்ட அதைவிட நல்ல காகிதம் வேறு இல்லை. எழுதவில்லை என்றாலும், கேட்டதற்குச் சான்று உங்களிடம் இருக்கும். இதே மெயிலின் நகல் கடைக்கும் போகட்டும். டார்ச் வந்த பெட்டியை வீட்டில் தேடுங்கள். வரிசை எண் பெரும்பாலும் அதன் அடியில் ஒட்டியிருக்கும்.

சம மாடல் ஒன்று தருகிறோம் என்று அவர்கள் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். உங்களுக்கு வேண்டியது தூரம் போகும் வெளிச்சம் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். அதிக லூமென் (மொத்த வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருக்கும் டார்ச்சுகள் பல, வெளிச்சத்தை அருகிலேயே அகலமாகப் பரப்பிவிட்டு நின்றுவிடும். பெட்டியில் மீட்டர் கணக்கில் எத்தனை தூரம் என்று போட்டிருப்பதைப் பழைய மாடலோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பழையதற்குச் சமமாக இல்லையென்றால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

செலவுக்கும் இப்போதே ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஏற்கெனவே 2,300 ரூபாய் போயிருக்கிறது. திருப்பி அனுப்பும் கூரியர் செலவை நீங்கள் கட்ட வேண்டும் என்று அவர்கள் கேட்டால், சிங்கப்பூர் வரைக்குமான நியாயமான தொகையாக இருந்தால் கட்டுங்கள். அதற்கு மேல் உதிரிபாகக் காசு, சோதனைக் காசு என்று வந்தால் நிறுத்திவிட்டுக் கடை வழியில் போங்கள். டார்ச் அப்படியே திரும்பி வந்தால், உள்ளூரில் சர்க்யூட் போர்டு மாற்றித் தருகிறேன் என்று யாரிடமும் கொடுத்துப் பிரிக்க வேண்டாம். பிரித்த அடையாளம் தெரிந்தால் மிச்சமுள்ள வாரண்டியைத் தயாரிப்பாளர் மறுத்துவிடுவார்.

அப்புறம், இந்த மாதிரிப் பொருளை இனி இங்கே வாங்கும்போது பெட்டியில் ஒட்டிய லேபிளைப் பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, புகாருக்கான தொடர்பு எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். இது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்வது. அந்த லேபிளும் பில்லும் இருந்தால், நான் மேலே சிரமம் என்று சொன்னவற்றில் பெரும்பகுதி இருக்காது. அப்போது கோவை நுகர்வோர் ஆணையம் உங்களுக்கு உண்மையிலேயே கைகொடுக்கும்.

இந்த வேலைகள் முடிய எப்படியும் ஒன்றிரண்டு மாதம் ஆகும். அதுவரை செல்போன் வெளிச்சத்தை நம்பி ராத்திரியில் தோட்டத்துக்குப் போகாதீர்கள் ஐயா. நாளைக்கே டவுனில் பில்லோடு ஒரு சுமாரான டார்ச் வாங்குங்கள். மடை மாற்றும் வேலையைப் பகலுக்குத் தள்ள முடிகிற நாட்களில் தள்ளுங்கள். தனியாகவும் போக வேண்டாம். மே 20-க்குள் பதில் வராவிட்டால் அல்லது கடைக்காரர் மறுத்தால், பில், முதல் மெயில், டிராக்கிங் சான்று மூன்றையும் இணைத்து மறுபடி எழுதுங்கள். நடுவர் மன்றத்தில் போட வேண்டிய மனுவை எப்படி எழுதுவது என்று உங்கள் அக்கா மகனுக்கு விளக்கி எழுதுகிறேன்.